இஞ்ஞாசி எந்தப் பக்கம் பார்த்து எழுந்திருப்பார்

மதலேன் அம்மாவுக்கு ஆட்களைத் திருப்பி நிறுத்துவதுதான் வேலை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரில், எக்ஸ்ரே அறையில் உதவியாளராக இருக்கிறார். படம் எடுப்பவர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துவார். அதற்கு முன் நோயாளியைப் பலகையோடு ஒட்டி, தோளை முன்னுக்குத் தள்ளி, முகவாயைத் தூக்கி வைப்பது இவர்.

"திரும்பு. நெஞ்ச ஒட்டு. மூச்ச இழு. புடி. அப்படியே நில்லு. சரி, வுடு."

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பாதிப் பேரை அவர் இப்படி நிறுத்தியிருக்கிறார். காய்கறி வாங்கப் போனால் அவரைக் கண்டதும் கடைக்காரர் தன்னையறியாமல் நிமிர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அவரால் திருப்ப முடியாத ஒரே ஆள் அவருடைய புருஷன் இஞ்ஞாசி.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். மாடிப்படி அவர்களுடைய சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டுதான் ஏறும். இதில் வருகிற பேச்சில் பாதி அந்த ஜன்னல் வழியாக என் காதுக்கு வந்தது. மீதியை மதலேன் அம்மாவே சொன்னார். அவருக்கு ஒளிக்கத் தெரியாது.

இஞ்ஞாசி மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு ஒரு ஏடிஎம்முக்குக் காவல் இருந்தார். வாசலைப் பார்த்துப் போட வேண்டிய நாற்காலியை உள்பக்கம் திருப்பிப் போட்டு, ஏசிக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து உட்காருவார். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போவார். போய், கோயிலுக்கு வெளியே பாதாம் மரத்தடியில், பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கல்யாணப் போட்டோவில் பெண் காமிராவைப் பார்க்கிறாள், மாப்பிள்ளை வேறு எதையோ பார்க்கிறார். "பந்தியப் பாக்கறாரு" என்பார் மதலேன் அம்மா. சாயங்காலம் கடற்கரைக்குப் போனால் ஊரே சுவரில் ஏறிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். இஞ்ஞாசி மட்டும் ரோட்டைப் பார்த்து உட்காருவார்.

"இந்தப் பக்கம் திரும்பிக் கடலப் பாருங்களேன்."

"கடலு எங்க ஓடிடப் போவுது. ரோட்டுல போறவன் போயிட்டான்னா போயிட்டான்தான்."

இதற்கு நேர் எதிராக, மதலேன் அம்மா ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஆண்டவர் மறுபடி வருவார் என்று கோயிலில் ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். பலருக்கு அது சொல்லிச் சொல்லித் தேய்ந்த வரி. மதலேன் அம்மாவுக்கு அது, கிளம்பிவிட்டதாகச் சொல்லி அனுப்பிய விருந்தாளி. எந்த பஸ்ஸில் வருகிறார் என்பது மட்டும்தான் தெரியாது. பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தூங்க மாட்டார். மகன் வினோத்குமார் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால், "சேசு வர்றப்ப ஊடு இப்படிக் கெடந்தா நல்லாவா இருக்கும்" என்று கேட்பார். பயமுறுத்துகிற குரல் இல்லை அது. நல்ல சேலையை எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிற குரல்.

ஃபெஞ்சல் புயல் கரையேறிய சனிக்கிழமை, இஞ்ஞாசி தூக்கத்திலேயே போய்விட்டார். மறுநாள் ஊரெல்லாம் தண்ணீர். கரண்ட் இல்லாததால் ஐஸ் பெட்டி வைக்க வழியில்லை, அன்றைக்கே எடுக்க வேண்டியதாயிற்று. முழங்கால் தண்ணீரில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். மேலே தார்ப்பாய் பிடித்தோம், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஃபாதர் குடைக்குள் ஜெபம் சொன்னார், குடை ஜெபத்தின் நடுவில் மலர்ந்தது. எப்படியோ அடக்கம் முடிந்தது. அன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஆண்டவர் வரப் போகிறார், விழித்திருங்கள் என்று கோயிலில் வாசிக்கிற நாள். தன் புருஷன் நல்ல நாள் பார்த்துப் போனதாக மதலேன் அம்மா ஆறுதல் பட்டுக்கொண்டார்.

அந்த ஆறுதல் ஈஸ்டர் கழிந்து சில வாரம் வரை நீடித்தது.

துபாயில் இருக்கும் மகள் சுடர்விழியால் புயலில் வந்து சேர முடியவில்லை. அவளுக்காக வினோத்குமார் அடக்கத்தை போனில் வீடியோ எடுத்திருந்தான். மதலேன் அம்மா மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார். பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிபன் பாக்ஸைத் திறப்பார். ஒருநாள் கண்ணைத் துடைத்தவர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. வீடியோவை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தார்.

பெட்டியின் மூடியில், தலை இருக்கும் பக்கம், ஒரு சிலுவை அடித்திருப்பார்கள். வீடியோவில் அந்தச் சிலுவைக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்து மதில் தெரிந்தது. மதிலுக்கு மேல் செல்போன் டவர் தெரிந்தது. டவர் இருப்பது கடல் பக்கம். கிழக்கு.

இங்கே வழக்கம் தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாளில் ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார். எக்காளச் சத்தம் கேட்டு எழுந்து நிற்கிறபோது நேரே அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படி. புதுச்சேரியில் இதில் குழப்பத்துக்கே இடமில்லை, கிழக்கு என்றால் கடல். மூன்று வயதுப் பிள்ளை கூடக் கையை நீட்டிக் காட்டும். அந்த ஊரில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இஞ்ஞாசியைத் தலைமாடு கால்மாடு மாற்றி வைத்திருந்தார்கள்.

மதலேன் அம்மா சென்டரில் சொல்லிக்கொண்டு நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். குழி தோண்டுகிற வேம்பு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போனை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"இதப் பாரு வேம்பு. தல எங்க இருக்கு?"

வேம்பு பார்த்தார். ஹோஸைக் கீழே போட்டார்.

"யக்கா, அன்னிக்குக் குழியெல்லாம் தண்ணி. பெட்டி மெதந்துச்சு. மெதந்ததுல அப்படியே சுத்திக்கினு இருக்கும்."

"ரெண்டரை அடி அகலக் குழியில ஆறடிப் பெட்டி எப்படிச் சுத்தும்?"

வேம்பு யோசித்தார். "அப்ப பெட்டி சுத்தல. உள்ள அவரு திரும்பிட்டாரு."

"அவரு திரும்பற ஆளா இருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கறேன்?"

வேம்பு ஒப்புக்கொண்டார். மழையில் கண்ணே தெரியவில்லை, சீக்கிரம் சீக்கிரம் என்று எல்லோரும் கத்தினார்கள், வந்த வாக்கில் இறக்கிவிட்டேன் என்றார். அப்புறம் மண்ணை மூடி, வழக்கப்படி மேற்குப் பக்கம் பெயர் எழுதிய சிலுவையை நட்டிருக்கிறார். அதாவது இஞ்ஞாசியின் காலடியில்.

"அப்ப நான் இத்தன நாளா பூ வச்சுக் கும்பிட்டதெல்லாம்?"

"காலுக்குத்தான்கா."

"உசுரோட இருந்தப்ப ஒரு நாள் அந்தக் கால்ல வுழுந்ததில்ல" என்றார் மதலேன் அம்மா. கையிலிருந்த மல்லிகையைக் கொண்டுபோய் மறுகோடியில் வைத்தார்.

வீட்டில் வினோத்குமார் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டான். பாக்டரியில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான்.

"மா, செத்துட்டாரு மா. எந்தப் பக்கமா இருந்தா என்னா?"

"செத்துட்டாருன்னுதான்டா கவல. ஆண்டவர் வர்றாரு. ஊரே எழுந்து கடலப் பாத்து நிக்குது. உங்கப்பா மட்டும் பஸ் ஸ்டாண்டப் பாத்துக்கினு நிக்கறாரு. நெனச்சுப் பாரு."

வினோத்குமார் நினைத்துப் பார்த்தான். சிரிப்பு நின்றது. அப்பாவை அவனுக்கும் தெரியும்.

"பின்னால சத்தம் கேட்டா திரும்ப மாட்டாரா?"

"எக்காளச் சத்தத்த யாரோ கல்யாண ஊட்டு பேண்டுன்னு நெனச்சுப்பாரு."

"சரி, அதே குழியிலதான உன்னயும் வைப்போம். நீ எழுந்து சொல்லிக்க."

"எப்படிச் சொல்றது? நான் கிழக்கப் பாத்து எழுந்திருப்பேன், அவரு மேற்கப் பாத்து எழுந்திருப்பாரு. முதுகும் முதுகுமா. கட்டில்ல படுத்த மாதிரியே."

இரண்டு பேருமாக ஃபாதரைப் பார்க்கப் போனார்கள். ஃபாதர் இளைஞர், பொறுமைசாலி. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அம்மா, ஆண்டவர் ஒரு மூலையிலேர்ந்து வர மாட்டார். வானம் முழுக்கத் தெரிவார். யார் எந்தப் பக்கம் நின்னாலும் தெரிவார்."

"தெரிவாரு ஃபாதர். அதுல எனக்குச் சந்தேகமில்ல. இவரு பாப்பாரான்னுதான் கேக்கறேன். நீங்க பூசையில அப்பத்தத் தூக்கிக் காட்டறீங்க. மணி அடிக்குது. எல்லாருக்கும் தெரியுது. இவரு பாத்தாரா? பாதாம் மரத்தடியில நின்னு கிரிக்கெட் ஸ்கோர் கேட்டாரு."

ஃபாதருக்கும் அது தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் பீடத்திலிருந்து பார்த்தால் திறந்த வாசல் வழியாக முதலில் தெரிவது அந்த முதுகுதான்.

"தோண்டித் திருப்பி வைக்க முடியாதா ஃபாதர்?"

"அதுக்கு தாசில்தார், போலீஸ், டாக்டர் எல்லாரும் வந்து நிக்கணும்மா. காரணம்னு என்னத்த எழுதறது?"

"ஆளு தப்பாப் படுத்திருக்காருன்னு எழுதுங்க."

ஃபாதர் மேசையைப் பார்த்துக்கொண்டு, ஜெபிக்கிறேன் என்றார். மதலேன் அம்மா அதற்கு நன்றி சொன்னார். வெளியே வந்ததும், "ஜெபம் நான் பண்ண மாட்டேனா, இவரு மண்வெட்டிக்கு உத்தரவு குடுக்கணும்" என்றார்.

தெருவில் இந்தக் கதை பரவியது. எல்லோரும் வாய்க்குள் சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் அடுத்த வீட்டு அப்துல் முத்தலிப். குடை ரிப்பேர் செய்கிறவர். புயலில் மலர்ந்த ஃபாதரின் குடை கூட அவரிடம்தான் வந்து சேர்ந்தது. ஒரு கம்பியை நிமிர்த்திக்கொண்டே சொன்னார்.

"திசை தப்பறது சின்ன விஷயமில்லமா. நாங்களும் முகத்த கிப்லா பக்கம், மெக்கா இருக்கற தெசைக்கு, திருப்பித்தான் வைப்போம். அதுல அரை விரக்கட மாறினாலும் எங்க பெரியவங்க வுட மாட்டாங்க. ஈஸா நபி, அதான் உங்க சேசு, திரும்ப வருவாருன்னு எங்களுக்கும் நம்பிக்க உண்டு."

"நீயாவது சொன்னியே பாய்."

"ஒண்ணு செய்யலாம். எங்களுக்கு இங்கேர்ந்து கிப்லா மேற்கு. இஞ்ஞாசி அண்ணன் மேற்கப் பாத்து எழுந்து நின்னு தனியா முழிச்சாருன்னா, எங்க ஆளுங்க யாராச்சும் பாத்து, அண்ண உங்க கூட்டம் அந்தப் பக்கம்னு கூட்டியாந்து வுட்டுருவாங்க."

மதலேன் அம்மா இதைத் தீவிரமாக யோசித்தார். "வருவாரா தெரியல பாய். உங்க பக்கம் பிரியாணி இருக்கும்னு அங்கயே நின்னுடுவாரு."

யோசனை அவருக்கு எக்ஸ்ரே அறையில்தான் வந்தது. ஒரு நோயாளியின் பின்னால் நின்று திரும்பு திரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார், அந்த ஆள் அசையவில்லை. முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்துச் சொன்னதும் திரும்பினான். அப்படியானால் இஞ்ஞாசிக்கும் முன்னால் நிற்க வேண்டும். அவருடைய கல்லறைக்கு நேர் மேற்கே, அவர் காலடிக்கு அடுத்த இடத்தில், முறைப்படி தலை மேற்கே வைத்துத் தன்னைப் புதைத்துவிட்டால், எழுந்திருக்கிறபோது இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நிற்பார்கள். "அதோ, பின்னால வந்துட்டாரு, திரும்புங்க" என்று சொல்லிவிடலாம். தோளைப் பிடித்தும் திருப்பலாம்.

மறுபடி வேம்புவிடம் போனார். அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அது சொல்தா லூசியன் வீட்டுக்குச் சேர்ந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை இங்கே சொல்தா என்பார்கள். லூசியனின் மனைவி கிலேர் பக்கத்து இடத்தில் படுத்திருக்கிறார். இவருக்காக அந்த இடம் காத்திருக்கிறது.

லூசியன் வீடு மூன்றாவது தெருவில். எழுபது தாண்டியவர், மீசையை இன்னும் முறுக்கி வைத்திருப்பார், இருமல் மட்டும் ஓய்வதில்லை. மதலேன் அம்மா போனபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாகற்காய்ப் பொரியலை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார்.

"முசியே, உங்க எடத்த எனக்குத் தரணும்."

"எந்த எடம்?"

"நீங்க படுக்கப் போற எடம்."

லூசியனிடம் ஊர்க்காரர்கள் கேட்காதது இல்லை. விசாவுக்கு விவரம் கேட்பார்கள், பிரெஞ்சில் எழுதிய காகிதத்தைப் படித்துக் காட்டச் சொல்வார்கள், பாட்டில் கேட்பார்கள். குழியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"நோன். முடியாது மதலேன். கிலேர் பக்கத்துலதான் படுப்பேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். தாமதமா வந்தாலே அவளுக்குப் புடிக்காது. வேற எடத்துக்குப் போயிட்டேன்னா?"

மதலேன் அம்மாவுக்கு அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை. புறப்படத் திரும்பினார். திரும்பியவர் அழுதுவிட்டார். வினோத்குமார் முன்னால், ஃபாதர் முன்னால், வேம்பு முன்னால் எல்லாம் அழாதவர், பாகற்காய்ப் பொரியல் முன்னால் நின்று அழுதார்.

"அந்த மனுஷனுக்கு வேற ஒண்ணும் கேக்கல முசியே. பெரிய பாவம் ஒண்ணும் பண்ணல. ஒரு எறும்பக் கூட மிதிக்க மாட்டாரு. வர்றவரப் பாக்காம நின்னுடுவாரோன்னுதான். எல்லாரும் போனப்புறம் தனியா நிப்பாரே."

லூசியன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். என்ன விஷயம், முதலிலிருந்து சொல் என்றார். மதலேன் அம்மா மேசையில் வைத்து விளக்கினார். ஜன்னல் பக்கம் கடல். கரண்டி இஞ்ஞாசி, அதன் குழித்தலை ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. அதன் காலடியில் முள்கரண்டியை, தலையை மறுபக்கமாக வைத்தார்.

"இது நீங்க. சரியாப் படுத்திருக்கீங்க."

பிறகு இரண்டையும் எழுப்பி நிறுத்தினார். கரண்டியும் முள்கரண்டியும் ஒன்றையொன்று பார்த்து நின்றன.

லூசியன் குனிந்து, முள்கரண்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்.

"அப்ப எக்காளம் ஊதி நான் எழுந்து நின்னா, மொதல்ல தெரியறது உம்புருஷன் மூஞ்சியா?"

"ஆமா முசியே."

"அவன் என்ன விட ஒரு சாண் ஒசரம்."

"ஆமா."

"ஆண்டவர மறைப்பானே."

"மறைப்பாரு" என்றார் மதலேன் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இப்போது இது இரண்டு வீட்டுக் கவலையாகிவிட்டது. லூசியன் எழுந்து அறைக்குள் நடந்தார். ஜன்னலைப் பார்த்தார். திரும்பி வந்து கரண்டியைப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"நாம எதுக்குக் கஷ்டப்படறோம்? எதுக்க நிக்கப் போறது நான். இஞ்ஞாசிய நான் திருப்பறேன்."

"நீங்க சொன்னாத் திரும்புவாரா? நான் சொல்லியே திரும்பலியே."

"எத்தினியோ தடவ திரும்பியிருக்கான்."

பிறகு லூசியன் சொன்னது மதலேன் அம்மாவுக்குப் புதிய செய்தி. பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதிதோறும் லூசியன் மெடல்களைக் குத்திக்கொண்டு கொடி வணக்கத்துக்குப் போய்விட்டு வருவார். வந்ததும் வீட்டு முற்றத்தில் தெரு ஆண்கள் கூடுவார்கள். இவர் சும்மா ஊற்றிக் கொடுக்க மாட்டார். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, பட்டாளத்து உத்தரவு சொல்லி, சரியாகச் செய்தவனுக்குத்தான் வைன். கடைசி உத்தரவு, அப்படியே பின்பக்கம் திரும்புவது. தெமித்தூர், திருவாத். அதில் பாதிப் பேர் இடறி விழுவார்கள்.

"இஞ்ஞாசி மட்டும் ஒரு தடவ கூடத் தப்பினதில்ல. குதிகால்ல அப்படியே சுத்துவான். பாரீசு அணிவகுப்புல கூட அப்படி நான் பாத்ததில்ல. எப்பவும் மொத கிளாஸ் அவனுக்குத்தான்."

மதலேன் அம்மா கரண்டியை எடுத்துத் துடைத்தார். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் புருஷன் சந்தோஷமாக வந்து படுப்பார் என்பது தெரியும். காரணம் குடி என்று நினைத்திருந்தார். உலகத்தில் ஒரு முற்றத்தில், ஒருவர் சொன்னால் உடனே திரும்புகிற ஆளாக அவர் இருந்திருக்கிறார். அது தன் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில்.

"கிளாஸுக்காகத் திரும்பினாரு" என்றார் கடைசியில். "அன்னிக்கு அங்க யாரு ஊத்துவாங்க?"

லூசியன் விடவில்லை. "ஆண்டவரே கடைசி விருந்துல, பரலோக ராஜ்யத்துல புதுசாக் குடிப்போம்னு சொல்லிட்டுத்தான போனாரு. அவரு ஊத்துவாரு."

இதை மதலேன் அம்மா ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அவர் எக்ஸ்ரே அறைக்காரர். நம்பினாலும் படம் பார்க்காமல் விடமாட்டார்.

"உங்க நெஞ்சு முழுக்கச் சளி முசியே. போன மாசம் நான்தான் புடிச்சு நிறுத்தினேன். இந்த மூச்சுல கத்தினா பக்கத்துக் கல்லறைக்குக் கூடக் கேக்காது."

"அன்னிக்குப் புது உடம்பு குடுப்பாங்க."

"குடுப்பாங்க. குரலு பழசாவே இருந்துட்டா? ஒரு தடவ கத்திக் காட்டுங்க."

லூசியனின் மீசை துடித்தது. "இங்க வேணாம். கல்லறைத் திருநாள் அன்னிக்கு, என் எடத்துலயே நின்னு கத்தறேன். வந்து கேளு."

அதுவரை மதலேன் அம்மா அவருக்குக் கற்பூரவல்லிச் சாறும் சுக்குக் கஷாயமும் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தார். வினோத்குமார்தான் கொண்டுபோய்க் கொடுப்பான். "அப்பாவுக்குக் கூட இவ்ளோ செஞ்சதில்ல நீ" என்பான். "இதுவும் அவருக்குத்தான்டா" என்பார்.

கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டு அன்று ஞாயிற்றுக்கிழமை. கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து, செவ்வந்தி கொட்டி, மெழுகுவர்த்தி ஏற்றி, தோட்டம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஃபாதர் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருவிலிருந்து பாதிப் பேர் வந்திருந்தோம். துக்கத்துக்கு வந்தவர்களைவிட லூசியன் கத்துவதைக் கேட்க வந்தவர்கள் அதிகம். அப்துல் முத்தலிப் கூட, வெயில் இல்லாத நாளில் கையில் ஒரு குடையுடன், கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

லூசியன் பெரே தொப்பியும் மெடல்களும் போட்டு வந்தார். கிலேரின் சிலுவைக்கு ஒரு ரோஜாவை வைத்து, அவள் காதில் எதையோ சொல்லுவது போலக் குனிந்தார். பிறகு தன் இடத்தில் ஏறி நின்றார். நேர் எதிரே இஞ்ஞாசியின் மண்மேடு. கைத்தடியை வேம்புவிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். அத்தனை வருடங்களும் அவர் முதுகிலிருந்து இறங்கிக் கீழே போனது போல இருந்தது.

"தெமித்தூர்."

இழுத்துச் சொன்னார். காகங்கள் மரத்திலிருந்து எழும்பின. ஃபாதர் தெளித்த கையோடு நின்றுவிட்டார்.

"திருவாத்."

அந்தச் சொல் மதிலில் மோதித் திரும்பி வந்தது. இருமல் வரவில்லை. மண்மேடு அப்படியே இருந்தது. ஆனால் நாலு வரிசை தள்ளி, பேத்தியோடு நின்று மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு கிழவர், எரியும் வத்தியைக் கையில் பிடித்தபடியே குதிகாலில் சுழன்று விறைப்பாக நின்றார். அதற்கும் அப்பால், தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு இருந்த இன்னொருவர் குடத்தைக் கீழே விட்டுவிட்டுத் திரும்பினார். கேட்டருகே, நடக்கிற ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு வந்த மூன்றாமவர் ஸ்டாண்டைத் தூக்கி அரைவட்டம் திருப்பி, அதோடு தானும் திரும்பினார். மூவரும் பழைய சொல்தாக்கள். மூவரும் அதுவரை மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இப்போது கடலைப் பார்த்து, முகவாய் தூக்கி, கண் கொட்டாமல் நின்றார்கள்.

"தாத்தா, என்னா பாக்கற?" என்று பேத்தி கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த உத்தரவு வரும்வரை பேசக் கூடாது.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்க்க வினோத்குமார் திரும்பினான். வேம்பு திரும்பினார். பூ விற்கிறவளும் ஃபாதரும் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் தோட்டம் முழுவதும், பூவும் தீக்குச்சியும் கையுமாக, கிழக்கைப் பார்த்து நின்றது. நானும்தான். மதிலுக்கு மேலே மழை மூட்டமில்லாத சாதாரண வானம். உப்புக் காற்று வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் யாரும் உடனே திரும்பிக்கொள்ளவில்லை.

மதலேன் அம்மா மட்டும்தான் வானத்தைப் பார்க்கவில்லை. இஞ்ஞாசியின் மேட்டருகே குந்தி, மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சில்ல?" என்றார் மெதுவாக. "இதே குரலுதான். ஞாபகம் வச்சுக்குங்க."